இணையக் கலைக்களஞ்சியத்தின் பிழை ஆய்வுக் கட்டுரையில் ஏறினால் யார் பொறுப்பு?

#1 பழுப்பேடு

ஒரு பழைய உரைநடை நூலின் முதற்பதிப்பு எந்த ஆண்டு வந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன். விக்கிப்பீடியாவில் ஓர் ஆண்டு இருந்தது. பக்கத்திலேயே சான்று எண்ணும் இருந்தது. அந்தச் சான்று ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை. எடுத்துப் பார்த்தால் அதே ஆண்டுதான் இருக்கிறது, ஆனால் கட்டுரையாளர் அதை எங்கிருந்து எடுத்தார் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை.

சந்தேகம் வந்து விக்கிப்பீடியாக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைப் புரட்டினேன். கணக்கில் நுழையாத யாரோ ஒருவர் சான்று எதுவும் தராமல் அந்த ஆண்டைச் சேர்த்திருக்கிறார். ஆய்விதழ்க் கட்டுரை வெளிவந்தது அதற்குப் பிறகு. அந்தக் கட்டுரையையே சான்றாகக் கொண்டுவந்து ஒட்டியது அதற்கும் பிறகு. நூலின் முகப்புப் பக்கம் மின்வருடிய படமாகவே கிடைக்கிறது. அதில் அச்சாகியிருப்பது வேறு ஆண்டு.

திருத்தப் போனேன். "ஆய்விதழ்ச் சான்று இருக்கிறது" என்று சொல்லி மீளமைத்துவிட்டார்கள். இதழுக்கு எழுதினேன், இதுவரை பதில் இல்லை. இதற்கிடையில் ஒரு முனைவர்ப் பட்ட ஆய்வேட்டிலும் அந்த ஆண்டு ஏறிவிட்டது, அங்கே சான்று ஆய்விதழ்க் கட்டுரை.

முதலில் தவறாக எழுதியவர், அதை விட்டுவைத்த தொகுப்பாளர்கள், பார்த்து எழுதிய கட்டுரையாளர், ஏற்றுக்கொண்ட இதழ், அதை நம்பிய ஆய்வு மாணவர். இவர்களில் யாரைக் கேட்பது? என்னைக் கேட்டால் கட்டுரையாளரைத்தான். பெயர் போட்டு, தகுதி போட்டு, ஆய்வு என்று சொல்லி அச்சிட்டவர் அவர். மற்றவர்கள் யாரும் "நான் சரிபார்த்தேன்" என்று கையெழுத்துப் போடவில்லை.

#2 தொகுப்பாளன்

நான் பல காலமாக விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். உங்கள் திருத்தத்தை மீளமைத்தது தவறு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகப்புப் பக்கப் படத்தைக் காட்டி உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள், நானும் வந்து ஆதரவு சொல்கிறேன்.

ஆனால் பொதுவாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். விக்கிப்பீடியா தன்னை நம்பச் சொல்லவே இல்லை. உள்ளடக்கத்தின் உண்மைக்கு உத்தரவாதம் கிடையாது என்று பொறுப்புத் துறப்புப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. விக்கிப்பீடியாவை விக்கிப்பீடியாவுக்கே சான்றாகக் காட்டக் கூடாது, அதிலிருந்து எடுத்து எழுதியதையும் காட்டக் கூடாது என்பது எங்கள் விதி. அதை நாங்கள் எப்போதும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோமா என்பது வேறு கேள்வி.

2009 மார்ச்சில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் ழார் இறந்த சமயம். அயர்லாந்தில் ஒரு மாணவர், ழார் சொன்னதாக உருக்கமான ஒரு மேற்கோளைத் தானே எழுதி ஆங்கில விக்கிப்பீடியாவில் போட்டார். செய்தியாளர்கள் சரிபார்க்கிறார்களா என்று பார்க்கத்தான் போட்டார். சான்று இல்லை என்று தொகுப்பாளர்கள் அதை நீக்கினார்கள். நீக்குவதற்குள் கார்டியன் உட்படப் பல நாளிதழ்கள் இரங்கல் குறிப்பில் அதை எடுத்துப் போட்டுவிட்டன. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அந்த மாணவரே சொன்ன பிறகுதான் திருத்தம் வந்தது. கூலி இல்லாமல் வேலை செய்தவர்கள் சான்று கேட்டார்கள். சம்பளம் வாங்கியவர்கள் கேட்கவில்லை.

#3 கரையோரம்

தொகுப்பாளன் ஐயா, பொறுப்புத் துறப்பு என்று ஒரு பக்கம் எழுதி மூலையில் வைத்துவிட்டால் பொறுப்பு போய்விடுமா? எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்பது உங்கள் பக்கம். அவ்வளவு பேர் படிக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்தவர்கள்தான் முதல் பொறுப்பு.

2005-ல் அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலர் கதையை மறந்துவிட்டோமா? கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று அவரைப் பற்றிய கட்டுரையில் யாரோ எழுதி வைத்தார். நான்கு மாதம் போல அது அப்படியே கிடந்தது. சீகன்தாலர் ராபர்ட் கென்னடியிடம் பணியாற்றியவர், அவருடைய நண்பர். அவரே வெளியில் எழுதிக் கேட்ட பிறகுதான், கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்கக் கூடாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுப்பாடு வந்தது. அடிபட்டவர் கத்திய பிறகு கதவைச் சாத்துவதற்குப் பெயர் பொறுப்பு இல்லை.

#4 நூலடுக்கு

நூலகத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. கதவை மூடி வைத்த காலத்திலும் இது நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1887 முதல் 1889 வரை ஆப்பிள்டன் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியம் பல தொகுதிகளாக வந்தது. நல்ல பெயர் பெற்ற பதிப்பகம், பதிப்பாசிரியர்கள் எல்லோரும் உண்டு. அதில் பிறக்கவே பிறக்காத பல பேருடைய வாழ்க்கை வரலாறுகள் இருந்தன. பயணம் போன ஊர், எழுதிய நூல், இறந்த ஆண்டு எல்லாம் சேர்த்து எழுதியிருந்தார்கள். 1919-ல் பார்ன்ஹார்ட் என்ற தாவரவியலாளர், தன் துறை சார்ந்த சில பெயர்களைத் தேடிப் பார்த்து அப்படி யாருமே இல்லை என்று எழுதினார். முப்பது ஆண்டு அந்தத் தொகுதிகள் நூலக அலமாரியில் நம்பிக்கையான நூலாக நின்றிருக்கின்றன. அச்சுப் புத்தகத்துக்கு வரலாற்றுப் பக்கமும் கிடையாது, யார் எந்த வரியை எப்போது எழுதினார் என்று பார்க்க வழியும் கிடையாது.

இன்னொன்று, கீரைக் கதை. பசலைக் கீரையில் இரும்புச்சத்து பத்து மடங்கு அதிகம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், யாரோ ஜெர்மானிய ஆய்வாளர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததுதான் காரணம் என்று சொல்வார்கள் அல்லவா? ஆய்வில் கவனம் வேண்டும் என்று அறிவுரை சொல்லும் கட்டுரைகளிலேயே இது உதாரணமாக வரும். 1981-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை வழியாக இது பரவியது. அவர் அதற்குச் சான்று தரவில்லை. 2010-ல் மைக் சட்டன் என்பவர் மூலத்தைத் தேடிப் போனார். அந்தத் தசமப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் கிடைக்கவில்லை. நார்வே மானுடவியலாளர் ரெக்டால் 2014-ல் ஒரு கட்டுரை எழுதி, ஆய்வாளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி இதை எப்படி வளர்த்தார்கள் என்று ஒவ்வொரு கண்ணியாகக் காட்டினார்.

இதில் விக்கிப்பீடியா எங்கே இருக்கிறது? 1981-ல் இணையக் களஞ்சியமே இல்லை. அதனால் பழுப்பேடு சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. கோளாறு சான்று காட்டும் பழக்கத்தில் இருக்கிறது.

#5 கரையோரம்

அக்கா, அச்சுக் காலத்திலும் பிழை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளவு ஒன்றா? சீன மொழி விக்கிப்பீடியாவில் ஒரே ஒரு பயனர் 2012 முதல் பத்து ஆண்டு, இடைக்கால ரஷ்ய வரலாறு என்று இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கற்பனையாக எழுதினார். நடக்காத போர், இல்லாத வெள்ளிச் சுரங்கம், எல்லாவற்றுக்கும் ரஷ்ய மொழி நூல்கள் சான்று. அந்த நூல்களைத் திறந்து பார்க்க யாரும் மெனக்கெடவில்லை. 2022-ல் நாவல் எழுத விஷயம் தேடிய ஒரு எழுத்தாளர்தான் கண்டுபிடித்தார். ஒரு வரலாற்றுப் பேராசிரியர் கூட இல்லை!

ஆங்கிலத்திலும் இது உண்டு. கோவாவிலிருந்த போர்த்துகீசியருக்கும் மராத்தியருக்கும் 1640-களில் "பிச்சோலிம் போர்" நடந்தது என்று ஒரு நீளமான கட்டுரை. அது முழுப் பொய். ஐந்து ஆண்டுக்கு மேல் "நல்ல கட்டுரை" என்ற தகுதியோடு இருந்தது. தகுதி கொடுத்தவர்கள் உங்கள் தொகுப்பாளர்கள்தானே? கையெழுத்து இல்லை என்கிறீர்கள். அந்தத் தகுதிச் சின்னம் கையெழுத்து இல்லாமல் வேறு என்ன?

#6 தொகுப்பாளன்

பிச்சோலிம் விஷயத்தில் பதில் சொல்ல எதுவும் இல்லை. நியாயமான கேள்வி. தகுதி கொடுத்தவர்கள் நடையையும் அமைப்பையும் பார்த்தார்கள், சான்று நூல்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்க்கவில்லை. இந்த மாதிரிப் புரட்டுகளுக்கும், சுற்றி வந்த சான்றுகளுக்கும் ஆங்கில விக்கிப்பீடியாவே தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. தன் தவறை இப்படித் திறந்து எழுதி வைக்கும் ஆய்விதழ்கள் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

#7 ஈரக்குறிப்பு

நான் இப்போது முனைவர்ப் பட்ட ஆய்வில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் கணக்கே தொடங்கினேன்.

விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்டக் கூடாது என்று முதல் வகுப்பிலிருந்தே எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். படிக்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அப்புறம் என்ன நடக்கிறது? எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். தகவலை எடுத்துக்கொள்கிறார்கள். அடிக்குறிப்பில் மட்டும் வேறு ஏதாவது நூலின் பெயர் போகிறது. பல நேரம் அந்த விக்கிப்பீடியாக் கட்டுரையின் கீழே இருக்கும் நூல் பட்டியலிலிருந்தே எடுத்த பெயர். அந்த நூலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். சான்றே தராமல் "பொது அறிவு" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பழுப்பேடு ஐயா பார்த்த கட்டுரையில் நடந்தது அநேகமாக இதுதான்.

பிழை பரவுவதை விட இந்த மறைப்புதான் பெரிய கேடு என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டுரையாளர் "விக்கிப்பீடியா, இன்ன தேதியில் பார்த்தது" என்று நேர்மையாக எழுதியிருந்தால் மூன்று நன்மை உண்டு. படிக்கிறவர் அந்த ஆண்டைச் சந்தேகத்தோடு பார்த்திருப்பார். ஆய்வேடு எழுதிய மாணவர் மூலத்தைத் தேடியிருப்பார். எல்லாவற்றையும் விட, விக்கிப்பீடியாவில் யாரும் அந்தக் கட்டுரையைச் சான்றாகக் கொண்டுவந்து ஒட்டியிருக்க முடியாது, ஏனென்றால் அது தன்னையே சுற்றுகிறது என்பது பார்த்த உடனே தெரிந்திருக்கும். வட்டம் முழுமையானதற்குக் காரணம், நடுவில் ஒருவர் தான் வந்த வழியை அழித்துவிட்டுப் போனதுதான்.

அவரை அழிக்க வைத்தது யார்? காட்டினால் மதிப்பெண் போகும், கட்டுரை திரும்பி வரும் என்று விதி வைத்தவர்கள். என் கணக்கில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

#8 சேர்மம்

ஈரக்குறிப்பு சொல்வதற்கு அளந்து பார்த்த ஆதாரமே இருக்கிறது. வேதியியல்காரன் என்பதால் எனக்கு இந்த ஆய்வு பழக்கம். நீல் தாம்சன், டக்ளஸ் ஹான்லி என்ற இருவர், விக்கிப்பீடியாவில் இல்லாத வேதியியல் தலைப்புகளில் புதிதாகக் கட்டுரைகள் எழுத வைத்தார்கள். குலுக்கல் முறையில் பாதியை மட்டும் விக்கிப்பீடியாவில் ஏற்றினார்கள், மீதியை வெளியே விடாமல் வைத்துக்கொண்டார்கள். பிறகு ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளின் சொற்களை ஒப்பிட்டார்கள். ஏற்றப்பட்ட கட்டுரைகளின் சொல்வழக்கு ஆய்வுக் கட்டுரைகளில் கூடுதலாகத் தெரிந்தது. ஏற்றாதவற்றுக்கு அப்படி இல்லை. 2017-ல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

அயர்லாந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்தும் தாம்சன் வேறு சிலரோடு சேர்ந்து இதே மாதிரி சோதனை செய்தார். விக்கிப்பீடியாவில் கட்டுரை வந்த தீர்ப்புகளை, பின்னால் வந்த தீர்ப்புகளில் 20 விழுக்காட்டுக்கும் மேல் அதிகமாக மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இதில் மேற்கோள் காட்டியவர்கள் நீதிபதிகள்.

அதாவது எல்லோரும் படிக்கிறார்கள். அடிக்குறிப்பில்தான் அது தெரிவதில்லை.

#9 மரப்பலகை

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஈரக்குறிப்பு சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வகுப்பறையில் இது எப்படிப் போய் முடியும் என்று தெரியுமா அம்மா? காட்டலாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் மாணவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். கலைக்களஞ்சியம் என்பது மூன்றாம் நிலை நூல், அதாவது மற்றவர்கள் எழுதியதைத் தொகுத்துச் சொல்வது. பிரிட்டானிக்காவைச் சான்றாகக் காட்டினாலும் நான் ஏற்க மாட்டேன். இதற்கும் பிழை எண்ணிக்கைக்கும் தொடர்பு இல்லை. 2005-ல் நேச்சர் இதழ் 42 அறிவியல் தலைப்புகளை வைத்து ஒப்பிட்டபோது, ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழையும் பிரிட்டானிக்காவில் மூன்று பிழையும் இருந்தன. பெரிய வித்தியாசம் இல்லை. பிரிட்டானிக்கா அந்த ஆய்வை மறுத்தது, அது தனிக் கதை. நான் சொல்வது என்னவென்றால், ஆய்வு என்றால் மூலத்துக்குப் போக வேண்டும். போகிற வழியை அடைக்கிற எதையும் நான் அனுமதிக்க முடியாது.

விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே, மாணவர்கள் அதைச் சான்றாகக் காட்ட வேண்டாம் என்றுதான் சொன்னார்.

#10 ஈரக்குறிப்பு

ஐயா, மூலத்துக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்தே இல்லை. போனவர் மூலத்தைக் காட்டட்டும். போகாதவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் கேள்வி. இன்றைய விதி அவரிடம் "பொய் சொல்" என்கிறது. நேரடியாக அப்படிச் சொல்லவில்லைதான், ஆனால் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. "விக்கிப்பீடியாவில் பார்த்தேன், மூலம் கிடைக்கவில்லை" என்று எழுதுகிற மாணவருக்கு மதிப்பெண் குறையட்டும், பரவாயில்லை. திறக்காத நூலைத் திறந்ததாகக் காட்டுகிறவருக்கு அதை விட அதிகமாகக் குறைய வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். இரண்டாமவர் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறார்.

திறக்காத நூலைக் காட்டுவது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அடிக்குறிப்புகளில் பக்க எண், தொகுதி எண் தவறாக அச்சாகும் அல்லவா? அதே தவறு அச்சு மாறாமல் பல கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வந்தால், அவர்கள் மூலத்தைப் பார்க்காமல் இன்னொருவரின் அடிக்குறிப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிக் கணக்கிட்டு, மேற்கோள் காட்டுகிறவர்களில் சுமார் 20 விழுக்காட்டினர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். மதிப்பீடுதான், கூடக் குறைய இருக்கலாம். ஆனாலும் பயமாக இருக்கிறது.

#11 சேர்மம்

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்சவியர் பதிப்பகம் கட்டுரையாளர்களுக்குத் தரும் வழிகாட்டியில், சான்று எப்படி எழுத வேண்டும் என்று காட்ட "வான் டெர் கீர்" என்று தொடங்கும் ஒரு மாதிரிச் சான்று இருந்தது. 2000-ல் வந்ததாகச் சொல்லும் அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. அதை நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உண்மைச் சான்றாகப் பட்டியலிட்டிருப்பதை ஆன்-வில் ஹார்சிங் 2017-ல் எடுத்துக் காட்டினார். இல்லாத கட்டுரையை யார் படித்திருக்க முடியும்?

#12 மெய்ப்புத்தாள்

இதழ்களைப் பற்றியும் பேச வேண்டும். நான் சில இதழ்களுக்கு மதிப்பாய்வு செய்திருக்கிறேன். மதிப்பாய்வாளர் ஒவ்வொரு ஆண்டையும் ஒவ்வொரு பெயரையும் சரிபார்ப்பார் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது நடப்பதில்லை. வாதம் நிற்கிறதா, முறை சரியா என்று பார்க்கத்தான் எங்களைக் கேட்கிறார்கள், அதுவும் ஊதியம் இல்லாமல். ஓரமாக வரும் ஓர் ஆண்டு, ஒரு பிறப்பிடம், ஒரு பட்டப்பெயர் மாதிரியான விஷயங்கள் யார் கண்ணிலும் படாமல் போகும். கலைக்களஞ்சியத்திலிருந்து ஏறுகிற பிழைகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான். 2008-ல் ஓர் அமெரிக்க மாணவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் கோவாட்டி என்ற விலங்குக்கு "பிரேசிலிய ஆர்ட்வார்க்" என்றும் பெயர் உண்டு என்று தானாக ஒரு பெயரைச் சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு, இரண்டுக்கும் உறவே இல்லை. பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எழுதின. பிறகு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஒரு நூலிலும் வந்தது. அந்த நூல் அந்த விலங்கைப் பற்றிய ஆய்வாக இருந்திருந்தால் யாராவது பிடித்திருப்பார்கள். போகிற போக்கில் வந்த பெயர் என்பதால் தப்பித்தது.

சரி, ஓரத்து விஷயம்தானே என்று விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்து வலிக்குப் போதை மருந்து எடுத்த 11,882 நோயாளிகளில் நான்கு பேர்தான் அடிமையானதாகப் பதிவாகியிருந்தது என்று போர்ட்டர், ஜிக் என்ற இருவர் எழுதியிருந்தார்கள். 2017-ல் அதே இதழில், இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 இடங்களை ஆராய்ந்து ஒரு குழு எழுதியது. 72 விழுக்காடு, அடிமையாவது அரிது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டியிருந்தன. 80 விழுக்காட்டுக்கும் மேல், அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைக்கும் அதையே பொருத்திவிட்டார்கள். வட அமெரிக்காவில் போதை மருந்து நெருக்கடி வளர இது துணைபோனது என்று அந்தக் குழு சொல்லியிருக்கிறது. ஐந்து வாக்கியம். படிக்க ஒரு நிமிடம் ஆகாது.

இதில் இணையக் களஞ்சியம் எங்கும் இல்லை, மதிப்பாய்வு செய்யும் இதழ்களே முழுக்க இருக்கின்றன. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

#13 கரையோரம்

மெய்ப்புத்தாள் சொன்ன கடிதம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அந்தக் கடிதத்தில் இருந்தது உண்மை, எடுத்து எழுதியவர்கள் அதை வளைத்தார்கள். ஆர்ட்வார்க் விஷயத்தில் ஊற்றே பொய். பொய் என்று தெரிந்தே எழுதியவர்களை நாம் ரொம்ப எளிதாக விட்டுவிடுகிறோம். "சோதனை செய்தேன்", "விளையாட்டுக்குச் செய்தேன்" என்கிறார்கள். டோஸ்டரைக் கண்டுபிடித்தவர் என்று பிரிட்டனில் ஒரு மாணவர் தன் நண்பர் பெயரையே விக்கிப்பீடியாவில் எழுதி வைத்தாரே! 2012 முதல் 2022 வரை பத்து ஆண்டு அந்தப் பொய் நூல்களிலும் செய்திகளிலும் வந்தது. கடைசியில் கண்டுபிடித்தது பதினைந்து வயதுப் பையன். இவ்வளவு பேருடைய உழைப்பை வீணாக்கியதற்கு யாரும் கேள்வி கேட்கவில்லை.

#14 நூலடுக்கு

கரையோரம் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தெரிந்து பொய் எழுதியவரின் குற்றம் தனி, அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் அப்படி எழுதுகிற ஒருவர் எங்காவது எப்போதும் இருப்பார். அவரைத் தடுக்க முடியாது என்று வைத்துக்கொண்டுதான் ஆய்வு முறையையே அமைத்திருக்கிறோம். குடிநீர் வாரியம் ஆற்றில் அழுக்கே இருக்காது என்று நம்பி வடிகட்டியை நிறுத்திவைப்பதில்லை. வடிகட்டும் வேலையை ஏற்றுக்கொண்டவர்களிடம்தான் கணக்குக் கேட்க முடியும்.

#15 தொகுப்பாளன்

நடைமுறைக்கு உதவும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழுப்பேடு செய்த வேலையை எல்லோரும் செய்ய முடியும்.

ஒரு தகவல் கட்டுரைக்குள் எப்போது நுழைந்தது என்று தெரிந்துகொள்ள வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு திருத்தமாகப் பார்க்கத் தேவையில்லை. விக்கிபிளேம் என்று ஒரு கருவி இருக்கிறது. கட்டுரைத் தலைப்பையும் தேடும் சொற்களையும் கொடுத்தால், அந்தச் சொற்கள் எந்தத் திருத்தத்தில் முதலில் வந்தன என்று காட்டும். அந்தத் தேதியையும் கீழே இருக்கும் சான்று வெளிவந்த தேதியையும் ஒப்பிடுங்கள். தகவல் முதலில் வந்து சான்று பிறகு வெளியாகியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். அது மட்டுமே பிழைக்கு நிரூபணம் ஆகாது. இருவரும் தனித்தனியாக ஒரே பழைய நூலிலிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பழைய நூல் எது என்று கேட்க வேண்டிய இடம் அது.

மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு: பக்கத்தின் கருவிகள் பட்டியலில் "நிலையான இணைப்பு", "இப்பக்கத்தை மேற்கோள் காட்டு" என்று இரண்டு உண்டு. நீங்கள் பார்த்த அதே திருத்தத்துக்கு இணைப்புக் கிடைக்கும். நாளை கட்டுரை மாறினாலும், நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பது மாறாது. ஈரக்குறிப்பு கேட்கும் நேர்மைக்கு இதுவே போதும்.

தொகுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள், இங்கே படிக்கிறவர்கள் சிலராவது இருப்பீர்கள். "சான்று தேவை" என்ற வார்ப்புருவைப் பார்த்ததும் கூகுளில் தேடி முதலில் கிடைப்பதைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். ஜெர்மனியில் 2009-ல் நடந்தது இதுதான். குட்டன்பெர்க் அமைச்சரானபோது, அவருடைய நீண்ட பெயருக்குள் "வில்ஹெல்ம்" என்ற இல்லாத பெயரை ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் நுழைத்தார். நாளிதழ்கள் எடுத்துப் போட்டன. விக்கிப்பீடியாவில் யாரோ சந்தேகம் எழுப்பியதும், அந்தச் செய்திகளில் ஒன்றே சான்றாக வந்து பெயரைக் காப்பாற்றியது. தேதியைப் பார்த்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

#16 மெய்ப்புத்தாள்

அதே குட்டன்பெர்க் 2011-ல் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டில் திருடியதற்காகப் பதவி விலகினார். எந்தப் பக்கத்தில் எதை எடுத்தார் என்று வரிவரியாகக் கண்டுபிடித்தது பலர் கூடித் தொகுத்த ஒரு விக்கித் தளம். பட்டம் கொடுத்த குழு அதைச் செய்திருக்கவில்லை. நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை ஆர்வலர்கள் செய்கிறார்கள் என்பது இந்த இழை முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது.

#17 புதுவரவு

குறுக்கே ஒரு கேள்வி. இப்போது பலர் விக்கிப்பீடியாவைக் கூடத் திறப்பதில்லை, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதுகிறார்கள். அது விக்கிப்பீடியாவைப் படித்துத்தானே கற்றுக்கொண்டது? பிழை அந்த வழியாக வந்தால் வரலாற்றுப் பக்கம் எங்கே?

#18 ஈரக்குறிப்பு

இல்லை. அதனால்தான் நான் சொன்ன மறைப்பு இன்னும் மோசமாகப் போகிறது. விக்கிப்பீடியாவில் குறைந்தது யார், எப்போது என்று கேட்க முடிந்தது. ஆனால் பொறுப்பு மாறவில்லை என்றே நினைக்கிறேன். எந்த வழியாகக் கிடைத்தாலும், அதை ஆய்வு என்று சொல்லிக் கொடுக்கிறவர் எங்கே பார்த்தேன் என்று சொல்லியாக வேண்டும். இது தனி இழையாகப் போக வேண்டிய அளவுக்குப் பெரியது.

#19 மரப்பலகை

ஈரக்குறிப்பு, உங்கள் பத்தாவது பதிவைத் திரும்பப் படித்தேன். விக்கிப்பீடியாவை இறுதிச் சான்றாக ஏற்பதில்லை என்ற என் நிலை மாறவில்லை. ஆனால் "பார்த்த வழி" என்று அடிக்குறிப்பில் தனியாக எழுத இடம் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. மூலம் இன்னது, அதை நான் பார்க்கவில்லை, இன்ன இடத்தில் எடுத்தாண்டதைப் பார்த்தேன் என்று எழுதும் பழைய வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அச்சு நூலுக்கு ஏற்றுக்கொள்கிற அதை இணையக் களஞ்சியத்துக்கு மறுப்பதற்கு என்னிடம் நல்ல காரணம் இல்லை. அடுத்த பருவத்தில் என் மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன். அதோடு, ஒவ்வொருவரின் கட்டுரையிலும் ஏதாவது ஒரு சான்றை நான் தேர்ந்தெடுத்து, அந்த நூலின் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்லலாம் என்றும் இருக்கிறேன்.

#20 பழுப்பேடு

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையாளர்தான் முதல் பொறுப்பு என்பதில் இன்னும் நிற்கிறேன். ஆனால் எதற்காக என்பதில் ஈரக்குறிப்பு சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். தவறான ஆண்டை எழுதியது யாருக்கும் நேரலாம். எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லாமல் விட்டதை அப்படித் தள்ளிவிட முடியாது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஆய்வேடு எழுதிய மாணவர் இதில் மாட்டியிருக்க மாட்டார். அவருக்குத்தான் என் மனம் வருந்துகிறது. அவர் செய்ததெல்லாம் ஆய்விதழை நம்பியதுதான், அப்படி நம்பத்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

உரையாடல் பக்கத்தில் முகப்புப் படத்தோடு எழுதிவிட்டேன், தொகுப்பாளன் வந்து பேசியதும் ஆண்டு மாறியது. ஆய்விதழ்க் கட்டுரையைச் சான்றிலிருந்து எடுத்துவிட்டு முதற்பதிப்பையே காட்டியிருக்கிறார்கள். எந்தத் திருத்தத்தில் பிழை நுழைந்தது, கட்டுரை எப்போது வந்தது என்று தேதிகளோடு இதழுக்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன். இந்த முறை கட்டுரையாளருக்கும் பிரதி போகிறது.

#21 நூலடுக்கு

ஆய்வேடு எந்த நூலகத்தில் இருக்கிறதோ அங்கேயும் எழுதுங்கள் ஐயா. ஏற்றுக்கொண்ட ஆய்வேட்டில் கை வைக்க மாட்டார்கள், ஆனால் பல நூலகங்களில் பட்டியல் பதிவோடு ஒரு பிழைக் குறிப்பைச் சேர்க்க முடியும். மாணவரின் பெயருக்குக் கெடுதல் வராதபடி, மூலப் பிழை ஆய்விதழில் இருந்தது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கடிதத்தின் வரைவை இங்கே போட்டால் பார்த்துத் தருகிறேன்.